பாதுகாவலர் கையொப்பம்

"தட்டுக்குப் பக்கத்துல இன்னாத்துக்கு பேப்பர வச்சிக்கீற?" என்றான் எட்மண்ட்.

"ரெண்டு ஃபார்ம் அத்தான். ஒண்ணு ரோஷினிக்கு, ஒண்ணு எனக்கு. கையெழுத்து போட்டுட்டு சாப்பிடுங்க. வியாழக்கிழமைக்குள்ள குடுக்கணும்" என்றாள் ஸ்வீட்லின். தோசைத் திருப்பி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணி. கள்ளிக்குப்பத்து வீட்டின் முன்னறையில், பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டியபடி பன்னிரண்டு வயது ரோஷினி நின்றிருந்தாள். எட்மண்ட் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மகளுடைய படிவத்தில், படிக்காமலே, கையெழுத்தை இழுத்துவிட்டான். இரண்டாவதை எடுத்தபோது கை நின்றது. முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

அந்தப் படிவம் பிள்ளைகளுக்காக அச்சடித்தது. 'என் மகன் / மகள் …… மேற்படி சாரணர் முகாமில் கலந்துகொள்ள எனக்கு முழுச் சம்மதம்' என்று தொடங்கும். அதன் கீழே, ஒன்றை அடித்துவிட்டு மற்றதை விட வேண்டிய கேள்விகள்: நீந்தத் தெரியும் / தெரியாது. இருட்டில் பயம் உண்டு / இல்லை. தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உண்டு / இல்லை. கடைசியில் இரண்டு கட்டங்கள். ஒன்று 'பாதுகாவலர் கையொப்பம்'. அடுத்தது 'உறவுமுறை'. ஸ்வீட்லினுடைய தாளில் மட்டும் 'மகன் / மகள்' என்ற இரண்டு சொற்களையும் நீல மையால் அடித்து, மேலே 'மனைவி' என்று எழுதியிருந்தார்கள்.

"தூக்கத்துல நடக்குற பழக்கம் உண்டா?" எட்மண்ட் உரக்கப் படித்தான். "தூக்கத்துல இன்னா, முழிச்சிகினே ஊர சுத்துற பழக்கந்தான் கீது. அத்த எந்தக் கட்டத்துல எழுதுறது?"

ரோஷினி சிரித்தாள். ஸ்வீட்லினும் பாதி சிரித்தாள். எட்மண்ட் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"டாடி, மம்மி வரலேன்னா கேர்ள்ஸ் யாரும் போக முடியாது டாடி."

"தெரியும். யோசிச்சி சொல்றேன்" என்று எட்மண்ட் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தான். கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. தோசை இலேசாகக் கருகிவிட்டிருந்தது.

ரோஷினி சொன்னது உண்மை. அந்தச் சாரணர் குழுவில் பதின்மூன்று பையன்கள், பதினோரு பெண்கள். பையன்களுக்குப் பொறுப்பு மனோகரன் என்ற ஸ்கவுட் மாஸ்டர். போரூரில் கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமைகளில் இந்தத் தொண்டு. பெண்களுக்குப் பொறுப்பான பெண்ணை கைடு கேப்டன் என்பார்கள். அதுதான் ஸ்வீட்லின். அவளுக்கும் இது தொண்டுதான். பிழைப்புக்கு அம்பத்தூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. பெண் பிள்ளைகளை வெளியூர் முகாமுக்கு அழைத்துப் போக வேண்டுமென்றால் ஒரு பெண் பொறுப்பாளர் கூடவே இருந்தாக வேண்டும் என்பது விதி. நல்ல விதி. பூண்டி ஏரிப் பக்கத்தில் மூன்று நாள் முகாம். அதை முடித்தால்தான் அடுத்த பேட்ஜுக்கான தேர்வுக்குப் போகலாம். பையன்களுக்கு மனோகரன் போதும். பெண்களுக்கு ஸ்வீட்லின் இல்லாவிட்டால் இந்த ஆண்டு போய்விடும்.

விதி அவ்வளவோடு நின்றிருந்தால் கதையே இல்லை. குழு கூடுவது ஒரு தனியார் பள்ளியின் மைதானத்தில். போன வருஷம், பிள்ளைகளோடு வெளியூர் போன ஓர் ஆசிரியையின் கணவர் பள்ளிக்கே வந்து, 'என்னைக் கேக்காம எப்படி அனுப்புனீங்க' என்று கத்திவிட்டுப் போனார். அன்றைக்குத் தாளாளர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்: கல்யாணமான பெண் பொறுப்பாளர்கள் வெளியூர் போவதானால் கணவர் சம்மதம் எழுத்தில் வேண்டும். கத்தியது ஆண். கையெழுத்து வாங்கி வர வேண்டியது பெண். ஆண் பொறுப்பாளர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. தனிப் படிவம் அடிக்கச் செலவு எதற்கு என்று, அலுவலகத்தில் வேலை பார்க்கும் தேவிப்பிரியா பிள்ளைகளுக்கான படிவத்தையே எடுத்து, இரண்டு சொற்களை அடித்து, ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படி இல்லை. ரோஷினியைக் குழுவில் சேர்த்துவிட்டு மற்ற அம்மாக்களோடு ஸ்வீட்லினும் மதிலோரம் நின்றிருந்த ஒரு சனிக்கிழமை, பழைய கேப்டன் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறார் என்று மனோகரன் சொன்னார். "உங்கள்ல யாராவது வர்றீங்களா?" அம்மாக்கள் எல்லாரும் சட்டென்று தங்கள் போனைப் பார்த்தார்கள். ஸ்வீட்லின் போனைப் பார்க்க மறந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாரப் பயிற்சிக்குப் போனபோது எட்மண்டே பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் வரை வந்தான். படிவம் எதுவும் யாரும் கேட்கவில்லை. அவள் ஒரு மாதத்தில் அலுத்துப்போவாள் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

அவள் அலுக்கவில்லை. கற்றுக்கொண்ட ஒவ்வொன்றும் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு நீள விசில் ஊதினால் இருபத்துநாலு பிள்ளைகளும் பேச்சை நிறுத்தி நிற்பார்கள். குட்டிக் குட்டியாகத் தொடர்ந்து ஊதினால் ஓடிவந்து வட்டமாகக் கூடுவார்கள். கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப் அழகுக்கு இல்லை. அவிழ்த்தால் முக்கோணத் துணி. உடைந்த கைக்குத் தூளி, தலைக்காயத்துக்குக் கட்டு, இரண்டை முடிந்தால் கயிறு. முடிவதிலும் ஒரு முறை உண்டு. இடது முனையை வலதின்மேல் போட்டுச் சுற்றி, பிறகு வலது முனையை இடதின்மேல் போட்டுச் சுற்ற வேண்டும். அப்படிப் போட்ட முடிச்சு தட்டையாக உட்காரும். இழுத்தால் இறுகும், அவிழ்க்க வேண்டிய நேரத்தில் இலேசாகத் தள்ளினால் அவிழும். இரண்டு தடவையும் ஒரே பக்கம் சுற்றினால் பார்ப்பதற்கு அதே மாதிரிதான் இருக்கும். பாரம் ஏறும்போதுதான் வழுக்கும்.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஸ்வீட்லினுக்கு ஒரு குரல் வந்தது. லேபில் 'கையை மடக்குங்க' என்று சொல்லும் குரல் இல்லை. அந்தக் குரல் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட விசிலே ஊதிவிட்டாள். ரோஷினி ஓடிவந்து விறைப்பாக நின்றாள். எட்மண்ட் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டான்.

அவனுக்கு இருந்தது சந்தேகம் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தெருவுக்குச் சந்தேகம்தான் எளிதாகப் புரியும். ஸ்வீட்லின் தப்பு செய்வாள் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவனுக்கு இருந்தது பொறாமை. எட்மண்ட் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்ப்பவன். துளையின் அளவு சரியா என்று பார்க்க அவனிடம் இருமுனைக் கேஜ் ஒன்று உண்டு. ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. பதினாறு வருஷமாக அந்த வேலை. அவன் முத்திரை இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. ஆனால் அவன் பெயர் அந்தக் கம்பெனியில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவி இரண்டு முறை கைநழுவிப் போனது. சர்ச் கமிட்டித் தேர்தலில் நின்று தோற்றான். இவளோ போனைப் பார்க்க மறந்ததால் கேப்டன் ஆகிவிட்டாள். காய்கறிக்காரர் 'வாங்க கேப்டன் மேடம்' என்கிறார். முன்பின் தெரியாத பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி மூன்று விரலை நீட்டி அவளுக்குச் சல்யூட் வைக்கிறார்கள். அவன் பக்கத்தில் நிற்கும்போதே.

அதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பான். ரோஷினியின் சைக்கிள் செயின் கழன்றால் அவள் முன்பெல்லாம் அவனிடம்தான் ஓடிவருவாள். 'டாடி, மழை வருமா?' என்று அவனைத்தான் கேட்பாள். இப்போது மேகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போகிறாள்.

கம்பெனி கேன்டீனில் ரூபஸ் என்றொருவன். எட்மண்டோடு ஒரே சர்ச். குழுவின் போட்டோ ஒன்று சர்ச் வாட்ஸ்அப்பில் வந்த மறுநாள் சாப்பாட்டு மேசையில் அவன் தொடங்கினான்.

"இன்னா மாமே, உங்க ஊட்ல கேப்டனாமே! அப்போ நீ இன்னா, வைஸ் கேப்டனா?"

"சும்மா துன்னுடா."

"இல்ல மச்சான், தெரியாமத்தான் கேக்குறேன். டீம்லயாச்சும் கீறியா, இல்ல தண்ணி பாட்டில் தூக்கிகினு ஓடுற ஆளா?"

மேசை முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து கேன்டீனில் அவனுக்கு 'வைஸ் கேப்டன்' என்றே பெயர்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று மைதானத்துக்குப் போனான். மனோகரன் அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடிவந்து கையை நீட்டினார். இடது கை. எட்மண்ட் அந்தக் கையைப் பார்த்தான். தன் வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து வெடித்தான். "உங்க மாஸ்டர் எனக்கு பீச்சாங்கைய நீட்டுறான்! ரோட்ல போற பிச்சக்காரனுக்குக்கூட யாராச்சும் அப்படி நீட்டுவாங்களா?"

"ஐயோ அத்தான், எங்களுக்குள்ள அப்படித்தான் குடுப்போம்" என்று ஸ்வீட்லின் பொறுமையாக விளக்கினாள். "பழைய காலத்துல போர்வீரன் வலது கையில ஆயுதம் வச்சிருப்பான், இடது கையில கேடயம். இடது கைய நீட்டணும்னா கேடயத்தைக் கீழ போடணும். உன்னை நம்புதேன், என்னைக் காப்பாத்திக்கத் தேவையில்லன்னு அர்த்தமாம். வெளியாளுக்கெல்லாம் அந்தக் கைய குடுக்க மாட்டாங்க. உங்களை நம்ம ஆளுன்னு நினைச்சிருக்காரு."

அவமானம் என்று நினைத்தது மரியாதை என்று தெரிந்தால் மனிதனுக்கு நிம்மதிதானே வர வேண்டும்? எட்மண்டுக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது. இதையும் அவள்தான் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

பொறாமைக்குத் தானாக எதையும் செய்ய வலு கிடையாது. உள்ளேயே கிடந்து புழுங்கும். அது வெளியே வர யாராவது ஒரு வழி வெட்டிக் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை அந்தப் படிவம் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, தன் கையில் என்ன இருக்கிறது என்று எட்மண்டுக்குப் புரிந்தது. அவன் சண்டை போட வேண்டாம், தடுக்க வேண்டாம், கெட்ட பெயர் எடுக்க வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

புதன்கிழமை சாயங்காலம் ஸ்வீட்லின் படிவத்தை மறுபடி நீட்டினாள்.

"நாளைக்குக் கடைசி நாள் அத்தான்."

"நான் போட மாட்டேன்னா சொன்னேன்? கேக்குற மாதிரி கேக்கலியே நீ."

"எப்படிக் கேக்கணும்?"

எட்மண்ட் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். "இந்தக் கேம்ப் போய்ட்டு வா. நான் தடுக்கல. வந்ததும் அந்த விசில மனோகரன்கிட்ட குடுத்துடு. ஊட்டப் பாரு, வேலயப் பாரு. போதும். ஒத்துக்கினா இப்பவே போடறேன்."

"நான் என்ன குறை வச்சேன்? சோறு பொங்கலையா, வேலைக்குப் போகலையா?"

"கொற இன்னா கீது. எனக்குப் புடிக்கல."

"என்ன புடிக்கல? அதைச் சொல்லுங்க, கேக்குதேன்." கோபம் வந்தால்தான் அவளுக்குப் பாளையங்கோட்டைப் பேச்சு முழுசாக வரும். "பதினோரு புள்ளைங்க பையைக் கட்டி வச்சிட்டு உக்காந்திருக்குதுவோ. அதுல ஒண்ணு உங்க புள்ள. அதுவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"ஊட்டுக்காரர் ஒத்துக்கலன்னு சொல்லு. ஊரே நம்பும்."

ஊர் நம்பும் என்பது மட்டுமில்லை, 'பாவம், என்ன செய்வா' என்றும் சொல்லும். அது இருவருக்குமே தெரிந்திருந்தது. ஸ்வீட்லின் படிவத்தை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். எட்மண்ட் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

வியாழக்கிழமை மதியம் லேபில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு அவள் பள்ளி அலுவலகத்துக்குப் போனாள். மனோகரன் அங்கே கூடாரங்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தேவிப்பிரியா படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களோடது ஒண்ணுதான் மேடம் பாக்கி" என்றாள் தேவிப்பிரியா.

"எனக்கு இன்னொரு ஃபார்ம் வேணும்."

"தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல. மனோகரன் சாரோட வீட்டம்மா கையெழுத்துக்கு."

மனோகரன் சிரித்தார். நல்ல மனிதர், நகைச்சுவை என்றே நினைத்தார். "என் மிஸஸ்கிட்ட நீட்டினா, 'லோன் எதாவது வாங்குறீங்களா'ன்னு கேப்பா மேடம்."

"அவங்க சம்மதிக்க மாட்டேன்னு சொன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? கொஞ்சம் கோவிச்சுக்குவா. போய்ட்டு வந்து சமாதானம்…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே கேட்டுவிட்டது. முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "எட்மண்ட் சார் போடலியா?"

"போடல."

"நான் வேணா வந்து பேசட்டுமா?"

"நீங்க வந்து பேசினா எனக்குப் பதிலா நீங்க அவர்கிட்ட பெர்மிஷன் கேட்ட மாதிரி ஆகும். வேண்டாம் சார்."

"ஒரு கையெழுத்துதானே, வாங்கிட்டு வந்துடுங்கன்னு நான்கூட ஈஸியா சொல்லிட்டேன்" என்றார் மனோகரன். கூடாரக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஸ்வீட்லின் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்த படிவத்தை எடுத்து மடிப்பை நீவினாள்.

"பேனா குடுங்க தேவி."

நிதானமாக, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். கடைசி இரண்டு கட்டங்களுக்கு வந்தபோது மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு எழுதி முடித்துத் தாளைத் திருப்பி நீட்டினாள்.

தேவிப்பிரியா மேலிருந்து கீழே படித்தாள். கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். வாசலைப் பார்த்தாள். தாளாளர் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"நான் இங்க வேலைக்குச் சேந்தப்போ என் மாமனார்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க மேடம்" என்றாள் தாழ்ந்த குரலில். "அவருக்கு எழுதத் தெரியாது. நான்தான் எழுதினேன். அவர் கைநாட்டு வச்சாரு."

பிறகு மைப்பெட்டியைத் திறந்து, பள்ளியின் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஸ்வீட்லினும் ரோஷினியும் கிளம்பும் சத்தம் எட்மண்டுக்குக் கேட்டது. கண்ணை மூடிப் படுத்திருந்தான். படிவத்தோடு இப்போது வந்து எழுப்புவாள் என்று காத்திருந்தான். இப்போது, இதோ இப்போது. கதவு சாத்தும் சத்தம்தான் வந்தது.

எழுந்து உட்கார்ந்து யோசித்தான். பள்ளியில் விட மாட்டார்கள். கையெழுத்து எங்கே என்று கேட்பார்கள். எல்லாப் பெற்றோரும் நிற்க, பிள்ளைகள் பார்க்க, அவள் விழிப்பாள். அந்த நேரத்தில் அவன் போய் நிற்க வேண்டும். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, 'எங்க போடணும்?' என்று கேட்க வேண்டும். எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள். ஒரே ஒரு தடவை அவனைப் பார்ப்பார்கள். விசிலை அப்புறம்கூட வாங்கிக்கொள்ளலாம். கம்பெனிக்கு இரண்டு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டு, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான்.

பள்ளி வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கூடாரக் கம்புகள் மேலே ஏறிவிட்டன. ரோஷினி ஜன்னலோரம் இருந்தாள். ஸ்வீட்லின் படிக்கட்டில் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தாள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த தேவிப்பிரியா எட்மண்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு சார் நீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள், பெண்ணை வழியனுப்ப வந்திருந்த சரசா என்ற இட்லிக்கடை அம்மா முந்திக்கொண்டாள்.

"இன்னாம்மா, தெரியாதா? நம்ம கேப்டன் ஊட்டுக்காரரு!"

தேவிப்பிரியா எழுந்தே விட்டாள். தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். "உட்காருங்க சார். சொல்லுங்க."

"ஒரு கையெழுத்து பாக்கி கீது. ஃபார்ம குடுங்க, போட்டுக் குடுக்கறேன்" என்று எட்மண்ட் பேனாவின் மூடியைத் திறந்தான். கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

"பாக்கி எதுவும் இல்லியே சார். இருபத்தஞ்சும் வந்தாச்சு." கோப்பைப் புரட்டி, தாளை அவன் பக்கம் திருப்பினாள்.

நீந்தத் தெரியும். தெரியாது என்பதை அடித்திருந்தாள். தாமிரபரணிக்கரையில் பிறந்தவள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவன் அதைக் கேட்டதில்லை. இருட்டில் பயம் இல்லை. தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இல்லை. பாதுகாவலர் கையொப்பம் என்ற இடத்தில் 'ஸ்வீட்லின்'. உறவுமுறை என்ற இடத்தில், தெளிவான எழுத்தில், 'நானே'. அதன்மேல் பாதி ஏறினாற்போல் வட்ட முத்திரை.

"இது செல்லாது" என்றான்.

"எந்தக் கட்டம் சார் காலியா இருக்கு? காட்டுங்க" என்றாள் தேவிப்பிரியா. மரியாதையாகத்தான் கேட்டாள்.

எட்மண்ட் தேடினான். பதினாறு வருஷமாகக் குறை கண்டுபிடிக்கும் கண். மேலிருந்து கீழே பார்த்தான், கீழிருந்து மேலே பார்த்தான். காலியான கட்டம் ஒன்றுகூட இல்லை.

பஸ் படிக்கட்டிலிருந்து ஒரு நீள விசில். பிள்ளைகளின் கூச்சல் சட்டென்று நின்றது. ஸ்வீட்லின் வாசல் பக்கம் திரும்பினாள். அவனையும் திறந்த பேனாவையும் பார்த்தாள். வர வேண்டாம் என்றோ வா என்றோ அவள் முகத்தில் எதுவும் இல்லை. உள்ளே ஏறிக்கொண்டாள். ரோஷினி ஜன்னலிலிருந்து இரண்டு கைகளையும் ஆட்டினாள். பஸ் சாலையில் திரும்பியது.

"நீங்க உட்காருங்க சார்" என்றாள் தேவிப்பிரியா மறுபடி. பிறகு பியூனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கேப்டன் வீட்டுக்காரருக்கு ஒரு டீ!"

எட்மண்ட் பேனாவை மூடினான். அந்த வாசலில் வேறெந்த அப்பாவுக்கும் நாற்காலி இல்லை, டீயும் இல்லை. எல்லாரும் வெயிலில் நின்றபடி அவனை மதிப்போடு பார்த்தார்கள். உட்கார்ந்தான். டீ வந்தது. இஞ்சி போட்டு, நல்ல டீ.

அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.